இணையவழிப் பேரிடர் மேலாண்மைப் பயிற்சி: சான்றிதழோடு கையில் இருக்க வேண்டிய தாள்கள்

பேரிடர் மேலாண்மை வேலைக்கு விண்ணப்பிப்பவர்களின் தற்குறிப்பில் இப்போதெல்லாம் பத்துப் பதினைந்து இணையவழிச் சான்றிதழ்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "காலை 9 மணிக்கு ஏரிக்கரை உடைந்துவிட்டது. 11 மணிக்கு அடுத்த அணி பொறுப்பேற்கிறது. அவர்களிடம் ஒப்படைக்க ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்" என்று கேட்டால் பலருக்குப் பேனா நகர்வதில்லை. பாடம் மோசம் என்று சொல்ல முடியாது. திரையில் வாசித்ததை எந்த ஊருக்கும் பொருத்திப் பார்க்காமல் அடுத்த பாடத்துக்குத் தாவியதுதான் காரணம்.

ஆகவே தமிழ்நாட்டிலிருந்து இந்தத் துறைக்குள் வர நினைப்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் முறை இதுதான். ஒரு பாடம் முடிந்தால், உங்கள் வட்டத்தை (தாலுகாவை) வைத்து ஒரு தாள் தயாராக வேண்டும். அது படிவமாக இருக்கலாம், கணக்காக, வரைபடமாக, எச்சரிக்கைச் செய்தியாக இருக்கலாம். தாள் வராத பாடம் முடியாத பாடம். வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் ஒதுக்கினால் கீழே சொல்வதெல்லாம் ஐந்தாறு மாதத்தில் முடியும்.

எங்கிருந்து தொடங்குவது

பெரும்பாலானோர் அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமா நடத்தும் இலவசப் பாடங்களில் தொடங்குகிறார்கள். ஐஎஸ் 100, ஐஎஸ் 200, ஐஎஸ் 700 என்று எண்ணிட்டவை. நல்ல பாடங்கள்தான். இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் ஒன்றை முடிக்கலாம். இறுதித் தேர்வில் 75 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. சிக்கல் வரிசையில் இருக்கிறது. அமெரிக்க அமைப்பை முதலில் மனதில் பதித்துக்கொண்டவர்கள் இங்கே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் யார் யாருக்குக் கட்டளையிடுகிறார் என்பதில் தடுமாறுகிறார்கள்.

முதலில் படிக்க வேண்டியது 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். முழுதாக வேண்டாம், மாவட்ட ஆணையத்தைப் பற்றிய அத்தியாயம் போதும். மாவட்டத் திட்டத்தைச் சொல்லும் 31-ஆம் பிரிவையும், ஆணையத்தின் அதிகாரங்களைச் சொல்லும் 30, 34-ஆம் பிரிவுகளையும் நிறுத்திப் படியுங்கள். ஒரு கல்யாண மண்டபத்தை முகாமுக்கு எடுக்கவோ ஒரு சாலையை மூடவோ யாருக்கு உரிமை என்று தெரியாமல் போடும் திட்டம் வெறும் ஆசைதான்.

அடுத்து, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010 ஜூலையில் வெளியிட்ட ஐ.ஆர்.எஸ். வழிகாட்டி. பேரிடரில் யாருக்கு எந்தப் பொறுப்பு என்று பிரித்துக்கொடுக்கும் அமைப்புதான் ஐ.ஆர்.எஸ். ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த அமைப்பின் வேர் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. 1970-இல் அங்கே பரவிய காட்டுத்தீயில் பல துறைகள் ஒரே இடத்தில் வேலை செய்தும் ஒருங்கிணைய முடியாமல் போனதால் உருவானது ஐ.சி.எஸ். என்ற சம்பவக் கட்டளை முறை. அதை இந்திய நிர்வாகத்துக்கு மாற்றியமைத்ததுதான் ஐ.ஆர்.எஸ். மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். இங்கே களத்தில் கட்டளையிடும் இன்சிடென்ட் கமாண்டருக்கு மேலே பொறுப்பு அலுவலர் என்று ஒருவர் உண்டு. மாநிலத்தில் தலைமைச் செயலர், மாவட்டத்தில் ஆட்சியர். அமெரிக்க முறையில் நிதி தனிப் பிரிவு. இங்கே பொருள்களையும் வசதிகளையும் ஏற்பாடு செய்யும் லாஜிஸ்டிக்ஸ் பிரிவுக்குள் ஒரு கிளை. களப்பணியைப் பார்க்கும் ஆபரேஷன்ஸ் பிரிவில் மீட்புக் கிளைக்குப் பக்கத்திலேயே போக்குவரத்துக் கிளை ஒன்று இருக்கிறது; சாலை, ரயில், நீர், வான் என்று அது பிரியும். நேர்காணலில் "நிதிப் பிரிவுத் தலைவர்" என்று சொன்னால் நீங்கள் ஐஎஸ் 100 மட்டும் படித்தவர் என்பது எதிரே இருப்பவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும்.

இந்த இரண்டுக்கும் பிறகு ஐஎஸ் 100, 200 படித்தால் அவை பளிச்சென்று புரியும். ஒருவர் நேரடியாக மேற்பார்ப்பது ஐந்து பேர் என்றால் சரியாக இருக்கும் என்ற விதியை அவை நன்றாக விளக்குகின்றன. திட்டமிடலுக்கு ஐஎஸ் 235, ஒத்திகைக்கு ஐஎஸ் 120, தன்னார்வலர்களைக் கையாள ஐஎஸ் 244 பயன்படும். ஐஎஸ் 800-ஐ விட்டுவிடலாம். அது அமெரிக்க அரசின் தேசியச் செயல்திட்டத்தைப் பற்றியது, இங்கே பொருந்துவது குறைவு. தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனமான என்.ஐ.டி.எம். நடத்தும் இணையவழி வகுப்புகளின் அறிவிப்பை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். செஞ்சிலுவைச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பின் கற்றல் தளமும் நிவாரணத்துக்கான குறைந்தபட்ச அளவுகளை வகுக்கும் ஸ்ஃபியர் அமைப்பின் இணையப் பாடமும் இலவசம். முகாம் நடத்தும் வேலைக்குப் போக விரும்புபவர்கள் ஸ்ஃபியரைத் தவறவிடக் கூடாது.

பணம் கேட்கும் பாடங்களில் கவனம் வேண்டும். "ஆறு மணி நேரத்தில் சர்வதேச நிபுணர்" என்று விற்பவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தேர்வு உண்டா? சான்றிதழ் எண்ணை வேறொருவர் இணையத்தில் சரிபார்க்க முடியுமா? பாடத்தை எழுதியவர் இந்தத் துறையில் எந்தப் பொறுப்பில் இருந்தார்? ஒன்றுக்குக்கூடத் தெளிவான பதில் இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

இவற்றோடு உங்கள் மாவட்டத்தின் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தையும் எடுத்து வையுங்கள். மாவட்ட இணையதளங்களில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். பாதிப்புக்குள்ளாகும் பகுதிகள், மிக அதிகம் முதல் குறைவு வரையிலான வகைப்பாடு, முகாம்களின் பட்டியல், மண்டலக் குழுக்கள், முதல்நிலை மீட்பாளர்கள் எல்லாம் அதில் இருக்கும். ஐந்து மாதமும் அதுதான் உங்கள் பாடநூல். அதில் உங்கள் வட்டத்துக்குரிய பக்கங்களை மட்டும் அச்செடுத்து, மாறிப்போன தொலைபேசி எண்களையும் அலுவலர் பெயர்களையும் பென்சிலில் குறித்துக்கொண்டே போனால் முதல் தாள் ரெடி.

குறிப்பு எழுதும் பழக்கம்

ஐ.ஆர்.எஸ். வழிகாட்டியின் பின்னிணைப்பில் படிவங்கள் 001 முதல் எண்ணிட்டு வரும். பாடங்கள் அவற்றை ஓர் ஐந்து நிமிடத்தில் தாண்டிவிடுகின்றன. களத்தில் வேலையின் பாதி அவைதான். சம்பவச் சுருக்கமான 001-ஐயும் அணி நாட்குறிப்பான 003-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பும் அளவுக்குப் பழகுங்கள்.

நாட்குறிப்பில் 24 மணி நேர முறையில் நேரம், தகவல் யாரிடமிருந்து வந்தது, என்ன முடிவு, யாருக்குச் சொல்லப்பட்டது என்ற நான்கும் ஒவ்வொரு வரியிலும் வேண்டும். இப்படி:

14.20 — கிராம நிர்வாக அலுவலர் தொலைபேசியில்: ஏரியின் கிழக்குக் கரையில் கசிவு, அகலம் சுமார் 1 அடி.
14.25 — நீர்வளத் துறை உதவிப் பொறியாளருக்குத் தெரிவிக்கப்பட்டது. 15.00-க்குள் நேரில் பார்ப்பதாகச் சொன்னார்.
15.10 — பொறியாளர் இன்னும் வரவில்லை. மீண்டும் அழைப்பு. வட்டாட்சியருக்குத் தகவல்.

மூன்றாவது வரிதான் முக்கியம். புதியவர்கள் முதல் இரண்டை எழுதிவிட்டு விட்டுவிடுவார்கள். சொன்னது நடந்ததா என்று திரும்பிப் பார்க்கும் வரி இல்லாத நாட்குறிப்பை நம்பி அடுத்த அணி பொறுப்பேற்றால், கசிவை யாரோ கவனிக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது கரை போய்விடும்.

பயிற்சிக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஏதாவதொரு பழைய வெள்ளத்தின் செய்தி நேரலையை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நீங்களே கட்டுப்பாட்டு அறையில் இருப்பதாக வைத்துக்கொண்டு நாட்குறிப்பு எழுதுங்கள். பிறகு அதை மட்டும் வைத்து 001 படிவத்தை 20 நிமிடத்தில் நிரப்புங்கள். எது உறுதியான தகவல், எது கேள்விப்பட்டது என்று பிரிக்காமல் எழுதியிருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

நிலவர அறிக்கையில் இன்னொரு பொறி. "பாதிக்கப்பட்டோர் 3,000" என்று ஒரு துறை எழுதும். "வெளியேற்றப்பட்டோர் 800" என்று இன்னொன்று. "முகாமில் 450" என்று மூன்றாவது. மூன்றும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் வெளியேறியவர்களில் பலர் உறவினர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்த நேர நிலவரம், யார் கொடுத்தது என்று எழுதாவிட்டால் மறுநாள் காலை முகாமில் 3,000 பேருக்குச் சமைப்பார்கள், அல்லது 450 பேரை மட்டும் கணக்கில் வைத்து நிவாரணம் கேட்பார்கள்.

வானிலை அறிக்கையை வாசிப்பது

பன்னாட்டுப் பாடங்கள் எதிலும் இது நம் ஊருக்கேற்ப இருக்காது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கைகளை நேரடியாகப் படித்துப் பழக வேண்டும்.

மழை நாள் என்பது காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரை. "18-ஆம் தேதி மழையளவு" என்றால் 17-ஆம் தேதி காலையில் தொடங்கிய மழை. நாட்காட்டி நாளோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அணைத் திறப்பு நேரத்தையும் மழையையும் பொருத்தும்போது ஒரு நாள் தவறிவிடுகிறார்கள். புயல் அறிக்கைகளில் உலகப் பொது நேரமும் வரும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். காற்றின் வேகத்தை இந்தியத் துறை மூன்று நிமிடச் சராசரியாகச் சொல்கிறது, அமெரிக்கக் கடற்படையின் புயல் மையம் ஒரு நிமிடச் சராசரியாகச் சொல்கிறது. ஒரே புயலுக்கு இரண்டு எண்கள் வருவது இதனால்தான். வாட்ஸ்அப்பில் வரும் பெரிய எண்ணைப் பார்த்துப் பதறாமல், ஒரே மூலத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

மழை வகைகளை மனப்பாடம் செய்துவிடுங்கள். 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. இந்த மூன்றாவதற்கு உச்சவரம்பு கிடையாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் பெய்தது. 21 சென்டிமீட்டர் பெய்திருந்தாலும் பெயர் அதே அதி கனமழைதான். சிவப்பு எச்சரிக்கை உங்களைச் செயலில் இறங்கச் சொல்கிறது. எவ்வளவு தண்ணீர் வரும் என்று அது சொல்வதில்லை. அதை நீங்கள்தான் கணக்கிட வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 கன மீட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. அதே அளவு ஒரு முழு நாள் ஓடினால் 29,000-ஐ 86,400-ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 2,505 மில்லியன் கன அடி. உள்வரத்தே இல்லையென்றால் நிரம்பிய ஏரியின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே நாளில் காலி. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு, ஏரியின் நீர்மட்டத்தைவிட உள்வரத்தின் வேகத்தை ஏன் மணிக்கு மணி கேட்க வேண்டும் என்பது புரிந்துவிடும். உங்கள் ஊருக்கு மேலே இருக்கும் ஏரிக்கும் இதே கணக்கைப் போடுங்கள். அதுவும் ஒரு தாள்.

முகாம் கணக்கும் வெளியேற்றக் கணக்கும்

ஸ்ஃபியர் அளவுகள்: ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் கூரையடி இடம், நாளுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. அவசரத்தின் தொடக்க நாட்களில் 50 பேருக்கு ஒன்று வரை ஒப்புக்கொள்ளலாம். ஒரு குழாய்க்கு 250 பேர். பாடத்தில் இவற்றைப் படித்து 100 மதிப்பெண் வாங்குவது எளிது. இப்போது மாவட்டத் திட்டத்தில் "400 பேர் தங்கலாம்" என்று எழுதியிருக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறை 6 மீட்டருக்கு 8 மீட்டர் என்றால் 48 சதுர மீட்டர். 3.5-ஆல் வகுத்தால் 13 பேர். 12 வகுப்பறைகளில் 156 பேர். பெஞ்சுகளை வெளியே எடுத்தால்தான் இதுவும். எடுத்த பெஞ்சை எங்கே வைப்பது, மழையில் நனையாமல்? 400 பேரை அடைத்தால் ஒருவருக்கு ஒன்றரை சதுர மீட்டருக்கும் குறைவு. ஓர் இரவு தாங்குவார்கள், மூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள், தண்ணீர் வடியாத வீட்டுக்கு. கழிப்பறை 400 பேருக்குக் குறைந்தது 8 வேண்டும். பள்ளியில் ஆறு இருந்து, அதில் இரண்டு பூட்டிக் கிடந்தால்? சாவி யாரிடம்? தண்ணீர் 6,000 லிட்டர், நாள்தோறும். மின்சாரம் போனால் மேல்நிலைத் தொட்டி நிரம்பாது என்பதால் டேங்கர் லாரி எந்த வழியாக உள்ளே வரும் என்று பார்க்க வேண்டும்.

குளோரின் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 6,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று வைத்தால் 12 கிராம் குளோரின் வேண்டும். புதிய பிளீச்சிங் பவுடரில் குளோரின் 33 சதவீதம். 36 கிராம் போதும். வாய் திறந்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்து 20 சதவீதத்துக்கு இறங்கிய தூளென்றால் 60 கிராம். தூளை நேரடியாகக் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை மிச்சக் குளோரின் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தூள் பழையது, அல்லது தண்ணீர் கலங்கல். கலங்கலான நீரை முதலில் தெளியவிடாமல் எவ்வளவு போட்டாலும் வீண்.

வெளியேற்றக் கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும். இரவு 8 மணிக்குக் காற்று வலுக்கும், 600 பேரை நகர்த்த வேண்டும், 50 இருக்கைப் பேருந்துகள் நான்கு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்று நடை. ஏற்ற 20 நிமிடம், போக 20, இறக்க 10, திரும்ப 20: ஒரு நடைக்கு 70 நிமிடம். கடைசி நடையில் திரும்ப வேண்டியதில்லை. ஆக 190 நிமிடம், 3 மணி 10 நிமிடம். தெருத்தெருவாகச் சொல்லி ஆட்களைத் திரட்ட 2 மணி நேரம். எதிர்பாராததற்கு ஒரு மணி நேரம். உத்தரவு மதியம் 1.50-க்குள் வந்தாக வேண்டும். மாலை 4 மணி ஆலோசனைக் கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்று ஒருவர் சொன்னால், இந்தத் தாளை அவர் முன்னால் வைக்கலாம். ஏற்றும் நேரத்தைத்தான் எல்லோரும் குறைத்துப் போடுகிறார்கள். முதியவர்கள், கைக்குழந்தை, ஆடு மாடு, வீட்டைப் பூட்ட மனம் வராமல் நிற்பவர்கள் எல்லாம் அந்த 20 நிமிடத்துக்குள்தான் அடங்க வேண்டும். கால்நடைக்கு இடம் சொல்லாத திட்டத்தில் குடும்பத்துக்கு ஒருவராவது ஊரிலேயே தங்கிவிடுவார்.

எச்சரிக்கைச் செய்தி

யார் சொல்வது, என்ன ஆபத்து, எந்த இடத்தில், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்ற ஐந்தும் எச்சரிக்கையில் இருக்க வேண்டும் என்று பாடங்கள் சொல்கின்றன. "தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்ற வழக்கமான அறிவிப்பில் ஐந்தில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தன் தெரு தாழ்வான பகுதி என்று நினைப்பவர் குறைவு. இப்படி எழுதினால் வேலை செய்யும்:

"மாவட்ட நிர்வாகம்: ஏரி உபரிநீர் இன்று மாலை 4 மணிக்குத் திறக்கப்படுகிறது. ஆற்றங்கரைத் தெருவிலும் காலனி 2, 3-ஆம் தெருக்களிலும் 6 மணிக்குள் இடுப்பளவு நீர் வரும். 5 மணிக்குள் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வாருங்கள். மருந்து, ரேஷன் அட்டை, ஆதார், போர்வை எடுத்துவாருங்கள். உதவிக்கு 1077."

குறுஞ்செய்தியில் அனுப்பும்போது தமிழுக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 குறியீட்டு அலகுகள்தான். நீளமான செய்தியைத் துண்டாக்கும்போது துண்டுக்கு 67. அலகு என்பது நாம் எண்ணும் எழுத்தன்று. "வெள்ளம்" நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு அலகு: புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். மேலே உள்ள செய்தி பல துண்டாகப் போகும். நெரிசலான கோபுரத்தில் ஏதாவதொரு துண்டு தாமதமாகலாம். அதனால் இடத்தையும் நேரத்தையும் முதல் வாக்கியத்திலேயே வைத்து, ஒரு துண்டில் அடங்கும் குறுகிய வடிவம் ஒன்றையும் எழுதி வையுங்கள். ஒலிபெருக்கியில் சொல்ல இன்னொரு வடிவம் வேண்டும். ஆட்டோவில் கட்டிய மைக் ஒரு தெருவைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. செய்தி 15 விநாடிக்குள் முடிந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறையாவது முழுதாகக் கேட்கும்.

வரைபடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். க்யூஜிஐஎஸ் என்பது வரைபடம் தயாரிக்கும் இலவச மென்பொருள், இணையத்தில் பாடங்கள் ஏராளம், இஸ்ரோவின் புவன் தளத்தில் தரவும் கிடைக்கும். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவை வைத்துக் கடலோரச் சமவெளியில் வெள்ளப் பாதை வரையாதீர்கள். அதன் பிழை சில மீட்டர். நம் கடலோர ஊர்களில் மூழ்கும் தெருவுக்கும் மூழ்காத தெருவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. மரத்தையும் மாடியையும் தரை என்று அது எடுத்துக்கொள்ளும். போன வெள்ளத்தில் சுவரில் படிந்த நீர்க்கறையை டேப்பால் அளந்து, தெருவாரியாக வரைபடத்தில் குறித்தால் அது பல மடங்கு பயன்படும்.

இணையத்திலேயே ஒரு மேசை ஒத்திகை

தனியாகப் படித்து வரும் தேர்ச்சிக்கு ஓர் எல்லை இருக்கிறது. முடிவெடுப்பது மற்றவர்களோடு சேர்ந்துதான் பழகும். உங்களோடு படிக்கும் எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்துக் காணொளிக் கூட்டத்தில் 90 நிமிட ஒத்திகை நடத்துங்கள். ஆறு பேருக்குப் பதவி: இன்சிடென்ட் கமாண்டர், ஆபரேஷன்ஸ், பிளானிங், லாஜிஸ்டிக்ஸ், தகவல் அலுவலர், பாதுகாப்பு அலுவலர். ஒருவர் நடத்துநர். ஒருவர் வாயே திறக்காமல் குறிப்பெடுப்பவர்.

நடத்துநர் ஆறேழு திருப்பங்களை முன்கூட்டியே எழுதி, எந்த நிமிடத்தில் எதை விடுவது என்று அட்டவணை போட்டுக்கொள்ள வேண்டும். நிஜத்திலிருந்து எடுப்பது நல்லது. 2023 டிசம்பரில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்தில் சிக்கியது. அதையே ஒரு திருப்பமாக 25-ஆவது நிமிடத்தில் விடுங்கள். சாலை துண்டிப்பு, கைபேசிச் சேவை இல்லை, உணவு தீர்கிறது. உணவு யார் கேட்பது, யார் கொண்டுபோவது, ரயில்வேயோடு பேசுவது யார்? 50-ஆவது நிமிடத்தில் எல்லோருடைய காணொளியையும் அரட்டைப் பெட்டியையும் நிறுத்திவிட்டு, ஒருநேரத்தில் ஒருவர் மட்டும் குரலில் பேசலாம் என்று விதி போடுங்கள். கம்பியில்லாத் தொடர்பில் வேலை செய்வது எப்படி இருக்கும் என்று அப்போது தெரியும்.

வழக்கமாக உடைவது மூன்று இடங்களில். எல்லோரும் நேராகக் கமாண்டரிடமே பேசுவார்கள். பத்து நிமிடத்தில் அவர் திணறிப்போவார், பிரிவுத் தலைவர்கள் சும்மா இருப்பார்கள். அடுத்து, நீளமாக விவாதிப்பார்கள், ஆனால் "யார், எத்தனை மணிக்குள்" என்ற முடிவு வராது. மூன்றாவது, பாதுகாப்பு அலுவலரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். மின்கம்பி அறுந்த தெருவுக்குள் படகு அனுப்பும்போது அவர்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒத்திகை முடிந்த 24 மணி நேரத்துக்குள் குறிப்பெடுத்தவர் இரண்டு பக்க அறிக்கை எழுத வேண்டும்: என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, ஏன், யார் எப்போது சரிசெய்வது. பதவிகளை மாற்றிப்போட்டு மறுபடியும் நடத்துங்கள்.

திரை கற்றுத்தராதவை, வேலை வாசல்கள்

இதயமீட்பு அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர் என்று தெரிந்திருப்பது வேறு. பொம்மையின் மார்பில் இரண்டு நிமிடம் விடாமல் அழுத்தும்போது கை தளர்ந்து ஆழம் குறைவதை உணர்வது வேறு. முதலுதவிக்குச் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அல்லது செஞ்சிலுவைச் சங்கத்தின் நேரடி வகுப்புக்குப் போங்கள். கயிறு, படகு, நீரில் மீட்பு ஆகியவற்றைக் காணொளி பார்த்து முயல்வது உயிராபத்து. மத்திய அரசின் ஆப்த மித்ரா திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு 12 நாள் நேரடிப் பயிற்சி கொடுத்தார்கள். உங்கள் மாவட்டத்தில் இப்போது அப்படிப்பட்ட பயிற்சி உண்டா என்று ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கேளுங்கள். தனிநபர்கள் உரிமம் பெற்று இயக்கும் இருவழி வானொலியான ஹாம் வானொலியின் உரிமத் தேர்வுக்கான பாடத்தை இணையத்தில் படிக்கலாம். பேசிப் பழக அருகிலுள்ள குழுவைத் தேடுங்கள்.

வேலை என்றதும் பலர் அரசை மட்டும் பார்க்கிறார்கள். வருவாய்த் துறைப் பதவிகளுக்குத் தேர்வாணையத் தேர்வுதான் வழி. இந்தப் பயிற்சி அங்கே சேர்ந்தபின் கைகொடுக்கும். மாநில ஆணையங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் ஒப்பந்தப் பணிகள் வருகின்றன, பெரும்பாலும் குறுகிய காலத்துக்கு. கவனிக்காமல் விடப்படும் வாசல் தொழிற்சாலைகள். அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகள் 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி வளாக அவசரத் திட்டத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். மணலியிலும் கடலூர் சிப்காட்டிலும் ஒத்திகையைத் திட்டமிட்டு, அறிக்கை எழுதத் தெரிந்த ஆள் வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு அலுவலர் பதவியே வேண்டுமென்றால் தொழிற்பாதுகாப்புப் பட்டயம் தனியாகப் படிக்க வேண்டும். இணையச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. பெரிய மருத்துவமனைகள், துறைமுகம், விமான நிலையம், ஐஎஸ்ஓ 22301 தரத்தில் தொழில்தொடர்ச்சித் திட்டம் வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனங்கள் ஆகியவையும் உண்டு.

விண்ணப்பத்தோடு சான்றிதழ்களை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு, தாள்களில் நான்கைந்தை இணையுங்கள்: ஒரு பள்ளி முகாமின் கணக்கு, ஒரு வெளியேற்றக் கால அட்டவணை, ஓர் எச்சரிக்கைச் செய்தியின் மூன்று வடிவங்கள், ஒத்திகை அறிக்கை, தெருவாரி நீர்மட்ட வரைபடம். தனிநபர்களின் தொலைபேசி எண்கள் உள்ள பக்கங்களை நீக்கிவிடுங்கள்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அதற்கு முந்தைய வாரங்களில்தான் மாவட்டங்களில் ஆயத்தக் கூட்டங்களும் ஒத்திகைகளும் நடக்கும். முதல்நிலை மீட்பாளர் பட்டியலைப் புதுப்பிப்பார்கள். மார்ச்சில் படிக்கத் தொடங்கினால் ஆகஸ்டில் தாள்கள் தயாராகிவிடும். செப்டம்பர் முதல் வாரத்தில் அவற்றை எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ, உங்கள் பகுதியில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்துக்கோ போய், முகாம் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையைக் கேளுங்கள். மழை தொடங்கிய பிறகு போனால் உங்களோடு உட்கார்ந்து பேச அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.